போலிஷ் கடையில் புளிப்பு அலமாரியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி இது: "கோவையிலிருந்து இங்கிலாந்தின் ஸ்லவ் நகருக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. தெருமுனையில் 'போல்ஸ்கி ஸ்க்லெப்' என்று சிவப்பு வெள்ளைப் பலகை வைத்த கடை ஒன்று இருக்கிறது. இரண்டு முறை உள்ளே போய், ஒன்றும் புரியாமல் பால் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். நான் சைவம், முட்டை சேர்த்துக்கொள்வேன். கணவர் கோழி, மீன் சாப்பிடுவார். பன்றியும் மாடும் கிடையாது. அந்தக் கடையில் எங்களுக்கு ஏதாவது இருக்கிறதா?"

நிறையவே இருக்கிறது. 'போல்ஸ்கி ஸ்க்லெப்' என்றால் போலிஷ் கடை, அதாவது போலந்து நாட்டுச் சாமான் விற்கும் கடை. நீங்கள் பால் மட்டும் வாங்கி வந்ததற்குக் காரணம் அந்தக் கடைகளின் அமைப்பு. உள்ளே நுழைந்ததும் கண்ணாடிப் பெட்டி. அதற்குப் பின்னால் புகைபோட்ட பன்றிக்கறித் தொத்திறைச்சி மாலை மாலையாகத் தொங்கும். அந்த வாடை வந்ததும் நம் கால் தானாகத் திரும்பிவிடும். 2007இல் எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. அடுத்த முறை அந்தப் பெட்டியைக் கண்டுகொள்ளாமல் நேரே கண்ணாடி ஜாடிகள் அடுக்கிய பக்கம் போங்கள். போலிஷ் சமையல் என்றாலே கறிதான் என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். என் கணக்கில் அந்தச் சமையலைத் தாங்குவது புளிப்பும் தானியமும். மாவைப் புளிக்கவைத்து, பாலைப் புளிக்கவைத்து வாழ்கிற வீட்டிலிருந்து போகிறவருக்கு அது அவ்வளவு தூரத்துச் சமையல் இல்லை.

இந்தக் கடைகள் எப்படி முளைத்தன என்று கேட்பீர்கள். 2004 மே 1ஆம் தேதி போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. பழைய உறுப்பு நாடுகளில் பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் ஆகிய மூன்று மட்டும்தான் அன்றே வேலைக்குக் கதவைத் திறந்தன. அதன் பிறகு வந்தவர்களே அதிகம். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் போலிஷைத் தங்கள் முதன்மை மொழி என்று சொன்னவர்கள் ஏறக்குறைய 6,12,000 பேர்; ஆங்கிலத்துக்கு அடுத்த இடம் அதற்குத்தான். அதற்கு முந்தைய தலைமுறையும் உண்டு. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஊர் திரும்ப முடியாத போலிஷ் படைவீரர்களைக் குடியமர்த்த 1947இல் பிரிட்டன் தனிச் சட்டமே போட்டது. அவர்களின் குடும்பங்கள் சில நம் நாட்டிலிருந்து வந்தவை. போர்க்காலத்தில் கோலாப்பூருக்குப் பக்கத்தில் வலிவடே என்ற இடத்தில் போலிஷ் அகதிகளுக்குப் பெரிய முகாம் இருந்தது. அங்கிருந்தவர்களில் பலர் கடைசியில் இங்கிலாந்துக்கே வந்து சேர்ந்தார்கள்.

இன்னொன்று: எல்லாப் போலிஷ் கடையும் போலிஷ்காரர் கடையாக இருக்க வேண்டியதில்லை. ஈழத்தமிழர்கள் நடத்தும் மூலைக்கடைகள் பலவற்றில் ஒரு பக்கம் கறிவேப்பிலையும் இடியப்ப மாவும், மறுபக்கம் போலிஷ் ஜாடிகளும் இருக்கும். அப்படி ஒன்று பக்கத்தில் இருந்தால் அங்கே தொடங்குங்கள். சந்தேகத்தைத் தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

முதலில் சைவத்துக்கான எச்சரிக்கையை முடித்துவிடுகிறேன். இங்கே விற்கும் பொருளில் சேர்மானப் பட்டியல் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம்; பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருப்பார்கள். அது கிழிந்தோ மங்கியோ போயிருந்தால் சில சொற்கள் கைகொடுக்கும். வியெப்ஷொவினா என்றால் பன்றி. வொவொவினா மாடு. குர்ச்சாக் கோழி. இந்திக் என்றால் வான்கோழி. இந்தியாவிலிருந்து வந்த பறவை என்று அன்றைக்கு ஐரோப்பாவில் பலர் நம்பியதால் வந்த பெயர் அது. ஸ்மாலெத்ஸ் என்பது பன்றிக் கொழுப்பு, ஸ்க்வார்கி அதை உருக்கும்போது மிஞ்சும் மொறுமொறுத் துண்டு. பொட்புஷ்ச்கா என்றால் பாலாடைக்கட்டி உறையவைக்கும் ரென்னெட்; அதைக் கன்றின் வயிற்றிலிருந்தும் எடுப்பார்கள். படிக்கும்போது குழப்புகிற எழுத்து ஒன்றுதான்: எல் எழுத்தின் குறுக்கே கோடு கிழித்திருந்தால் அதை 'வ' என்று சொல்ல வேண்டும். கியெல்பாசா என்று நாம் படிப்பது உண்மையில் கியெவ்பாசா, அதாவது தொத்திறைச்சி.

ஸ்மாலெத்ஸை நான் மறக்கமாட்டேன். வெள்ளை வெளேரென்று சின்ன டப்பாவில், வெண்ணெய்க்குப் பக்கத்தில் இருந்தது. ஏதோ வீட்டு வெண்ணெய் என்று வாங்கி வந்து தோசைக்கல்லில் போட்டேன். மனைவி இரண்டு நாள் அந்தக் கல்லைத் தொடவில்லை.

இனி ஜாடிகள். வெள்ளரிக்காய் ஜாடிகளில் இரண்டு சாதி உண்டு. ஒகுர்கி கிஷோனே என்றால் உப்புநீரில் தானாகப் புளித்தது. வெந்தயம், சோம்பு எதுவும் இல்லை, சதகுப்பைத் தண்டும் பூண்டும் ஹ்ஷான் எனப்படும் காட்டமான கிழங்கும்தான் போட்டிருப்பார்கள். ஒகுர்கி கொன்செர்வொவே என்றால் வினிகரும் சர்க்கரையும் ஊற்றியது. இரண்டாவதை எந்தச் சூப்பர்மார்க்கெட்டிலும் வாங்கலாம். முதலாவதற்குத்தான் இந்தக் கடைக்கு வர வேண்டும். பார்த்தே கண்டுபிடிக்கலாம்: புளித்ததன் நீர் கலங்கலாக இருக்கும், வினிகர் போட்டதன் நீர் பளிங்குபோல இருக்கும். சேர்மானத்தில் ஒத்ஸெத் என்ற சொல் இருந்தால் வினிகர், வைத்துவிடுங்கள். கோடையில் மாவோசொல்னே என்று ஒரு வகை வரும். இரண்டு மூன்று நாள் மட்டும் புளித்தது, உள்ளே இன்னும் பச்சையாக நறுக்கென்று இருக்கும். தயிர்சாதத்துக்கு மாவடு கிடைக்காத ஊரில் எனக்கு அதுதான் மாவடு.

அந்த உப்புநீரைக் கொட்டிவிடாதீர்கள். வெள்ளரியையும் நீரையும் சேர்த்து உருளைக்கிழங்கோடு சூப் வைப்பது அங்கே வழக்கம். நான் வேகவைத்த உருளைக்கிழங்கைப் பிசையும்போது இரண்டு கரண்டி விடுவேன். உப்பை மட்டும் அப்புறம் பார்த்துப் போடுங்கள்.

புளித்த முட்டைக்கோஸும் இப்படித்தான்: கபுஸ்தா கிஷோனா. குளிர்பெட்டியில் பிளாஸ்டிக் பையில் வருவது ஜாடியில் வருவதைவிட நன்றாக இருக்கிறது, ஏனென்றால் ஜாடியில் அடைப்பதைப் பெரும்பாலும் சூடுபடுத்தித்தான் அடைக்கிறார்கள். போலந்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு இதைப் பட்டாணிப் பருப்போடு வேகவைத்துச் சாப்பிடுவார்கள். கேட்டதுமே நமக்குக் கூட்டு நினைவு வருகிறதல்லவா? கோஸை ஒருமுறை அலசிப் பிழிந்து, வெந்த பாசிப்பருப்பில் போட்டு, தேங்காய் எண்ணெயில் கடுகும் வரமிளகாயும் தாளித்துக் கொட்டினால் புளி போடாமலேயே புளிக்கூட்டு. எங்கள் வீட்டில் பிள்ளைகள் கேட்டுச் சாப்பிடுகிற ஒரே கோஸ் அதுதான்.

அதே வரிசையில் அடர்பச்சை விழுதாக ஒரு ஜாடி இருக்கும். ஷ்சாஃப். புளிப்புக் கீரை, உப்பு மட்டும் போட்டு அடைத்தது. அவர்கள் அதில் சூப் வைத்து, அவித்த முட்டையை நறுக்கிப் போடுகிறார்கள். செடியின் குலம் வேறு என்றாலும் நாக்குக்கு அது நம் புளிச்சகீரையேதான். துவரம்பருப்பு வெந்ததும் இரண்டு கரண்டி சேர்த்துப் பூண்டு தாளித்தால் போதும். இந்தப் புளிப்பு ஆக்ஸாலிக் அமிலத்தால் வருவது. சிறுநீரகக் கல் இருப்பவர்கள் தொட வேண்டாம்.

பாட்டிலில் கலங்கிய வெண்ணீர்போல ஒன்று நிற்கும், அடியில் மாவு படிந்திருக்கும். அதன்மேல் ஜூர் அல்லது ஜூரெக் என்று எழுதியிருக்கும். ரை என்ற குளிர்நாட்டுத் தானியத்தின் மாவை நீரில் கரைத்து, பூண்டும் பிரிஞ்சி இலையும் போட்டு நாலைந்து நாள் புளிக்கவைத்த நீர் அது. நம்மூரில் கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சுகிறோமே, கிட்டத்தட்ட அதே வேலை. போலந்தில் வெள்ளைத் தொத்திறைச்சி போட்டு ஈஸ்டருக்குக் காய்ச்சுவார்கள். நீங்கள் உருளைக்கிழங்கு, காளான், நிறையப் பூண்டு போட்டுக் காய்ச்சுங்கள். பாட்டிலைக் குலுக்கி, கொதிக்கும் குழம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறினால் தானாகக் கெட்டியாகும். கடைசியில் மயெரானெக் என்ற உலர்ந்த இலையைக் கையில் கசக்கித் தூவ வேண்டும். கசக்கியதும் எங்கேயோ முகர்ந்த வாசம் என்று தோன்றும். பூக்காரர் கதம்பத்தில் வைத்துக் கட்டும் மருவு அது. தலையில் வைப்பதைச் சூப்பில் போடுகிறார்கள் என்று ஊருக்குப் போன் செய்து அம்மாவிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை. பாக்கெட்டில் பொடியாக வரும் ஜூரெக்கை மட்டும் வாங்காதீர்கள். பலவற்றில் பன்றிக் கொழுப்போ புகைக்கறியோ இருக்கும்.

பால்பெட்டிப் பக்கம் வாருங்கள். மாஷ்லான்கா என்றால் மோர். நம் நீர்மோரைவிடக் கெட்டி. இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தட்டிப் போட்டு நீர் கலந்துகொள்ளலாம். கெஃபிர் என்ற புளித்த பால்பானமும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும். குடிக்க நன்றாக இருக்கிறது. தயிருக்கு உறை ஊற்ற மட்டும் உதவாது, அதில் ஈஸ்டும் சேர்ந்திருப்பதால் தயிர் கிடைக்காது, இன்னொரு கெஃபிர்தான் கிடைக்கும். ஷ்மியெதானா என்பது புளித்த பாலேடு. 12, 18 என்று மூடியில் கொழுப்பு விழுக்காடு போட்டிருப்பார்கள். குழம்பில் சேர்க்க 18. நேரே கொட்டினால் திரிந்துவிடும். மோர்க்குழம்புக்குச் செய்வதுபோல முதலில் சூடான குழம்பு ஒரு கரண்டியை அதில் விட்டுக் கலக்கி, பிறகு சட்டியில் ஊற்றுங்கள்.

த்வாருக் என்ற வெள்ளைக் கட்டியைப் பார்த்ததும் பன்னீர் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். பாலக் பன்னீர் செய்யப்போய், கீரையில் கட்டியே காணாமல் போனது. பன்னீர் கொதிக்கும் பாலில் எலுமிச்சை விட்டுத் திரிப்பது. இது பாலைப் பல மணிநேரம் புளிக்கவிட்டு, மெல்லச் சூடாக்கி வடிப்பது. அதனால் புளிக்கும், உதிரும், பொரிக்க நிற்காது. உதிர்வதையே பயன்படுத்திக்கொள்ளுங்கள். முள்ளங்கி, வெங்காயத்தாள், உப்பு, மிளகு, ஒரு கரண்டி ஷ்மியெதானா சேர்த்துப் பிசைந்து, தோலோடு அவித்த உருளைக்கிழங்கின் மேல் வைத்துச் சாப்பிடுவது மேற்குப் போலந்தில் பெயர்போன எளிய சாப்பாடு. மிளகுக்குப் பதில் பச்சைமிளகாய் போட்டால் இன்னும் நன்றாக இருக்கிறது என்பது என் கட்சி. பராத்தாவுக்குள் வைக்கவும் இதுவே போதும். கொழுப்பு குறைந்தது, நடுத்தரம், நிறைந்தது என மூன்று வகை வரும். குறைந்ததை வாங்கினால் சுண்ணாம்பு தின்பதுபோல இருக்கும்.

இந்தத் த்வாருக்கும் உருளைக்கிழங்கும் வதக்கிய வெங்காயமும் சேர்ந்ததுதான் ரூஸ்கியே என்ற பியெரோகியின் பூரணம். பெயரைப் பார்த்து ரஷ்யப் பலகாரம் என்று எண்ண வேண்டாம். இன்றைய மேற்கு உக்ரைன் பக்கத்துப் பழைய ருத்தேனியாவைக் குறிக்கும் பெயர் அது. பார்வைக்குச் சோமாசி, வேகவைப்பது கொழுக்கட்டைபோல. குளிர்பெட்டியில் தயாராகக் கிடைக்கும். கொதிநீரில் போட்டு மிதந்து வந்ததும் எடுத்து, வெண்ணெயில் இரண்டு பக்கமும் சிவக்க வறுத்தால்தான் ருசி. கோஸும் காளானும் வைத்தது இன்னொரு சைவ வகை. கடைகளில் சூடாகப் பரிமாறும்போது மேலே ஸ்க்வார்கி தூவிவிடுவார்கள். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, நான் மாதாமாதம் போகக் காரணமான அலமாரி: காஷா. உடைத்த, தீட்டிய தானியம் எல்லாவற்றுக்கும் அங்கே பொதுப்பெயர் அது. காஷா மான்னா என்பது வேறொன்றுமில்லை, ரவை. நம் உப்புமா ரவையைவிட நைசு. அதனால் உப்புமா குழைந்துவிடும், கேசரியும் ரவா தோசையும் நன்றாக வரும். போலந்தில் அதைப் பாலில் காய்ச்சிக் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். காஷா யாக்லானா என்று மஞ்சள் மணியாக இருப்பது பனிவரகு. ஊரில் இயற்கை அங்காடியில் தனி விலை சொல்லி விற்கிறார்களே, அதே சிறுதானியம். இங்கே அது சாதாரண வீட்டுச் சாமான். வெந்நீரில் ஒருமுறை அலசுங்கள், இல்லையென்றால் லேசாகக் கசக்கும். வெண்பொங்கலுக்கு அரிசியைவிட இதை நான் விரும்புகிறேன். நெய் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். காஷா க்ரிச்சானா என்பது பக்வீட், வடக்கே விரத நாளில் குட்டு என்று சாப்பிடுவது. பெயரில் கோதுமை இருந்தாலும் அது புல்லினமே இல்லை. மேலே சொன்ன புளிப்புக் கீரையின் குடும்பம். வறுத்தது பழுப்பாக, வாடை தூக்கலாக இருக்கும். பழக நாளாகும். வறுக்காதது வெளிர்பச்சை, உளுந்தோடு ஊறவைத்து அரைத்தால் தோசை வரும். நான்கு பொட்டலமாகப் பையோடு கொதிக்கவைக்கிற பெட்டியை வாங்காமல் உதிரியாக வரும் பாக்கெட்டை வாங்குங்கள்.

மாவுப் பையில் 450, 500, 650, 2000 என்று எண் இருக்கும். 100 கிலோ மாவை எரித்தால் எத்தனை கிராம் சாம்பல் மிஞ்சும் என்பதுதான் அந்த எண். தவிடு கூடக்கூடச் சாம்பல் கூடும். ஆக 450 மிக வெள்ளையான கேக் மாவு, 2000 முழுமாவு. பரோட்டாவுக்கு 500 சரியாக இருக்கிறது. சப்பாத்திக்கு இங்கே எதையும் தேடாதீர்கள், ஆட்டாவே வாங்குங்கள்.

மசாலாப் பக்கத்தில் ஒரே ஒரு பொறி. க்மினெக் என்ற பெயரையும் விதையின் வடிவத்தையும் பார்த்து எல்லோரும் சீரகம் என்று வாங்கிவிடுவார்கள். அது சீமைச்சோம்பு, ரசத்தில் போட்டால் ரசம் பிஸ்கட் வாசம் அடிக்கும். சீரகத்துக்கு அங்கே பெயர் 'ரோமானியக் க்மின்'. சார்னுஷ்கா என்பது கருஞ்சீரகம், தைரியமாக வாங்கலாம். 'காரம்' என்று எழுதியிருக்கும் எதையும் நம்ப வேண்டாம், ஹ்ஷான் ஒன்றைத் தவிர. அது நாக்கில் உறைக்காது, மூக்கில் ஏறும்.

உங்கள் கணவருக்கு: முழுசாகப் புகைபோட்ட கானாங்கெளுத்தி கிடைக்கும். ஏற்கெனவே வெந்தது, முள் எடுத்து உதிர்த்து, வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்த்துருவலோடு புரட்டினால் சுறாப்புட்டுக்கு அண்ணன். உப்பில் ஊறிய ஹெர்ரிங் மீன், ஷ்லெஜ், எண்ணெயிலோ பாலேட்டிலோ வரும். வேகவைக்காதது. அதைச் சாப்பிடத் துணிவு வர எனக்கு நாலு வருடம் ஆனது. கோழி என்று போட்ட மெல்லிய தொத்திறைச்சிகளின் பின்பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள், உள்ளே கோழியும் மேலுறை பன்றியுமாக இருக்கக்கூடும். கண்ணாடிப் பெட்டியில் எடைபோட்டு வாங்கும்போது கிராமில் கேட்க மாட்டார்கள், 'தெக்கோ' என்பார்கள். ஒரு தெக்கோ 10 கிராம். 200 கிராம் வேண்டுமானால் 20 தெக்கோ. நான் முதல்முறை 200 என்று கேட்டதும் அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். இரண்டு கிலோ தூக்கிக்கொண்டு போகப்போகிறேன் என்று நினைத்திருப்பார்.

இனிப்பில் க்ருஃப்கி வாங்குங்கள். 'குட்டிப் பசு' என்று பொருள். காகிதம் சுற்றிய பால் மிட்டாய். மேலே உதிரும், நடுவே இளகும். பால்கோவா மிட்டாயாகப் பிறந்திருந்தால் இப்படி இருந்திருக்கும். தோருன் நகரத்து பியெர்னிக் என்ற இஞ்சி, கிராம்பு, பட்டை மணக்கும் ரொட்டியும் உண்டு. 'மிளகுக் காரமானது' என்ற பழைய போலிஷ் சொல்லிலிருந்து வந்த பெயர். அந்த மிளகு ஒரு காலத்தில் நம் மேற்குக் கடற்கரையிலிருந்து கப்பலேறிப் போனது. இன்கா என்ற பானப்பொடி 1971இலிருந்து வருவது. ரை, பார்லி, சிக்கரி வறுத்தது, காபிக்கொட்டை துளியும் இல்லை. இரவில் காபி கேட்கும் மாமனார் வந்திருந்தபோது பால் கொதிக்கவைத்து அதைக் கலந்து கொடுத்தேன். சிக்கரி வாசத்தில் அவருக்குப் பாதி திருப்தி.

டிசம்பரில் கட்டாயம் போங்கள். 24ஆம் தேதி இரவு விருந்தில் கறி சேர்க்காமல் பன்னிரண்டு வகை வைப்பது அவர்கள் மரபு. மீன் உண்டு, ஆனாலும் சைவத்துக்கு வருடத்திலேயே கடை நிறைந்திருக்கும் மாதம் அதுதான். உலர்ந்த காட்டுக்காளான், பீட்ரூட்டுச் சூப்பில் போடும் குட்டிக் காளான் பியெரோகி, கசகசாவை அரைத்துச் சுருட்டிய மாகோவியெத்ஸ் எல்லாம் அப்போது குவியும். அவர்களின் கசகசா நீலநிறம், நம்முடையது வெள்ளை. குருமாவுக்கு அரைத்தால் நிறம் சாம்பலாகும், ருசிக்குப் பழுதில்லை. மிச்சமிருந்தால் ஊருக்குப் பெட்டி கட்டும்போது அதில் போட்டுவிடாதீர்கள், துபாய் வழியாகப் போகிறவர்கள் முக்கியமாக: அமீரகத்தில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள், சுருட்டிய கேக்காக இருந்தாலும்கூட வேண்டாம்.